நாற்பதுக்குப் பின் கம்பெடுத்தல்

நடுவயதில் தற்காப்புக்கலை பயில நினைப்பவர் முதலில் கேட்பது எந்தக் கலையைத் தேர்வது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கம்பளை போன்ற மலைநாட்டு நகரொன்றில் வசிப்பவருக்கோ அக்கேள்வி மூன்றாவதாகத்தான் வரவேண்டும். உடல் எந்நிலையில் இருக்கிறது என்பது முதலாவது. வாரத்துக்கு இருமுறை மழையானாலும் வெயிலானாலும் சென்றுவரக்கூடிய தூரத்தில், முதிர்ந்த மாணவருக்குக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் கலையின் பெயர் பல வேளைகளில் தானாகவே முடிவாகிவிடும். இவ்வியலில் நடுவயது என்பது ஏறத்தாழ 40 முதல் 60 வரையான பருவத்தைக் குறிக்கும். தலையில் அடி வாங்குவதைத் தவிர்க்க முடியாத குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகள் இப்பருவத்தில் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்றவையல்ல என்பதால் அவை இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

உடல்நிலை

முப்பது வயதைக் கடந்தபின், உடற்பயிற்சி இல்லாதவரின் தசைத்திரள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துவருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இந்த இழப்பை எந்த வயதில் பயிற்சி தொடங்கினாலும் கணிசமாக ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் இதுபற்றி அதிகம் அஞ்சவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்த்தொகுதி ஆகும். பயிற்சிக்குத் தசை சில வாரங்களிலேயே பழகிக்கொள்ள, இரத்த ஓட்டம் குறைவாக உள்ள தசைநாண் அதே அளவு உறுதிபெறப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. ஆறாவது வாரத்தில் மாணவர் தமக்குப் பலம் வந்துவிட்டதென்று உணர்வதும், அதே வாரத்தில் அவர் குதித்துப் பாய முற்பட்டுக் குதிகாலுக்கு மேலுள்ள நாணைக் காயப்படுத்திக்கொள்வதும் இந்த இடைவெளியால் நேர்பவை. அந்த நாண் அறுபடுவது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, எப்போதாவது மட்டும் விளையாடும் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே முதல் ஆறு மாதங்களில் பாய்தல், குதித்து உதைத்தல், திடீரென ஓடி நிற்றல் ஆகியவற்றை ஆசிரியர் சொன்னாலும் மறுப்பதே முறை.

தொடங்குமுன் மருத்துவச் சோதனை செய்துகொள்வதற்கு இலங்கையில் பணம் ஒரு தடையாக இல்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில், 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனியின் அளவு, உடல்நிறை ஆகியவை கட்டணமின்றிச் சோதிக்கப்படுகின்றன. சோதனைக்குச் செல்பவர் தாம் எவ்வகைப் பயிற்சியைத் தொடங்கவிருக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம், 'உடற்பயிற்சி செய்யலாமா?' என்று மட்டும் கேட்டால், நடைப்பயிற்சியை மனத்தில் கொண்டே 'தாராளமாகச் செய்யுங்கள்' என்ற விடை வரும்.

மருந்து எடுப்பவர்கள் மூன்று விடயங்களைத் தெரிந்திருக்கவேண்டும். அட்டெனோலோல், பிசோப்ரொலோல் போன்ற அழுத்தக் குளிசைகள் இதயத் துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைப்பவை என்பதால், 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் அவர்களுக்குப் பயன்படாது. பயிற்சியின் நடுவே பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்ற நிலையே அவர்களுக்கான நடுத்தர உழைப்பின் அளவுகோல். கிளிக்ளசைட் போன்ற நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது இரத்தச் சீனி சடுதியாக இறங்கக்கூடும். பையில் குளுக்கோஸ் பொட்டலமும், பக்கத்தில் நிற்பவருக்கு விடயம் தெரிந்திருப்பதும் நல்லது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் விழுதலும் மோதலும் உள்ள கலைகளைத் தவிர்த்துவிடவேண்டும். நோன்புக் காலத்தில் கம்பளையின் முஸ்லிம் மாணவர்கள் பயிற்சியை நோன்பு திறந்து ஓரிரு மணிநேரத்துக்குப் பின் வைத்துக்கொள்வதும், கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் மற்றவர்கள் காலடிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதும் போதுமானது.

நீரிழிவு உள்ளவருக்கு இன்னுமொரு குறிப்பு உண்டு. ஏறத்தாழ எல்லாத் தற்காப்புக்கலைகளும் வெறுங்காலில் பயிலப்படுபவை, நீரிழிவோ காலின் உணர்ச்சியை மெல்ல மழுங்கச் செய்வது. கூழாங்கல் குத்தியதும் தெரியாமல் வீடு திரும்புபவர் மறுநாள் புண்ணோடு எழுவார். வகுப்பு முடிந்ததும் இரு பாதங்களின் அடியையும் விரலிடுக்குகளையும் கையால் தடவிப் பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். மழைக்காலப் புல்தரையில் பயில்பவர் அனைவருக்கும், அட்டைக்கடியின் பொருட்டேனும், இது பயன் தரும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமற்ற குளிர்வியர்வை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் சற்று இளைப்பாறிப் பார்க்கலாம் என்று காத்திராமல், இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரியவை அழைத்துவிடவேண்டும்.

எந்தக் கலை

கம்பளைச் சுற்றுவட்டாரத்துக்குச் சிலம்பம் வெளியிலிருந்து அண்மையில் வந்த பொழுதுபோக்கு அன்று. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கருகே சிங்ஹாபிட்டியவில் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, தமிழகத்தின் கிராமங்களிலிருந்து மலைநாட்டுக்கு வந்த தொழிலாளர்கள் தப்பு, காமன் கூத்து, காவடி, கரகம் ஆகியவற்றோடு கம்பு விளையாட்டையும் கொண்டுவந்தார்கள். புசல்லாவை, நாவலப்பிட்டி, தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டங்களில் தேர்த்திருவிழாவின்போது சாமி ஊர்வலத்துக்கு முன்னே கம்பு சுற்றுவதைக் கண்டு வளர்ந்தவர் பலர் இன்று நாற்பதைக் கடந்து நிற்கின்றனர். கிழக்கிலங்கையில் முஸ்லிம்களும் தமிழர்களும் சீனடி, சிலம்படி என்று இணைத்துச் சொல்லும் மரபும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. எனவே இப்பகுதித் தமிழ் வாசகர், காணொலியில் கண்ட தூரதேசக் கலையை நாடுமுன், தம் தோட்டத்திலோ அடுத்த தோட்டத்திலோ கம்பு பழக்கிய வாத்தியார் எவரேனும் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துப் பார்ப்பது தகும்.

நடுவயதுக்காரருக்குச் சிலம்பம் பொருந்துவதற்கு மரபுப் பெருமையைக் காட்டிலும் வலுவான காரணங்கள் உள்ளன. எதிராளி கம்பின் நீளத்துக்கு அப்பால் நிற்பதால் உடலோடு உடல் மோதுவதில்லை, விழவேண்டியதில்லை, துணை இல்லாத நாட்களிலும் முற்றத்தில் தனியே பயிலலாம், இடமும் வலமும் மாறிமாறிச் சுழல்வதால் உடலின் இருபுறமும் வேலை பெறுகின்றன. குறைபாடும் உண்டு. தலைக்கு மேல் கம்பைச் சுழற்றுவது தோள்மூட்டைப் பெரிதும் வருத்துவது. தோள்மூட்டின் உறை தடித்துக் கை மேலே எழாமற்போகும் தோளிறுக்கம் என்னும் நோய் 40க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களையும், அவர்களிலும் நீரிழிவுள்ளவர்களையும் அதிகமாகப் பீடிப்பது. சேலை முந்தானையைத் தோளில் எடுத்துப் போடும்போதோ சட்டைக்குக் கை நுழைக்கும்போதோ வலி தோன்றுபவர், அது தீரும்வரை தலைக்கு மேற்பட்ட வீச்சுகளை விட்டுவிட்டு இடுப்பளவிலான சுழற்சியோடு நின்றுகொள்ளவேண்டும்.

கராத்தே மலைநாட்டு நகரங்களில் எளிதாகக் கிடைக்கும் கலை. பாடசாலை மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் வகுப்புகள் நடக்கின்றன. இவ்வகுப்புகளில் சேர்பவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள் என்பதால், 45 வயதுப் புதியவர் பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டி வரலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிள்ளைகளுக்கு வகுத்த வேகத்தில் முதியவரும் குதிக்கவேண்டியிருப்பதே சிக்கல். கராத்தேயில் கற்பனை எதிராளியோடு போரிடுவதுபோல் ஒழுங்குபடுத்தப்பட்ட அசைவுத் தொடருக்குக் கதா என்று பெயர். நடுவயது மாணவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைக் கதாவில் செலவிடுவதே இலாபம். ஒகினாவாவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்குச் சென்று, 53 வயதில் கராத்தேயை ஜப்பானின் தலைநகருக்கு அறிமுகப்படுத்திய ஃபுனாகோஷி கிச்சினை வயது ஒரு தடையல்ல என்பதற்குச் சான்றாகப் பலர் காட்டுவதுண்டு. அவர் சிறுவயது முதலே பயின்றவர் என்பதால் அந்தச் சான்று புதிதாகத் தொடங்குபவருக்குப் பொருந்தாது.

1882இல் கானோ ஜிகோரோ தோக்கியோவில் கோதோகான் பயிற்சிக்கூடத்தை நிறுவி உருவாக்கிய ஜூடோவில் எதிராளியைப் பிடித்து நிலைகுலையச் செய்து எறிவதே அடிப்படை. எறியப்படுவதும் அதில் பாதி. முறையான மெத்தை விரித்த கூடம் இல்லாத இடத்தில் நடுவயதுக்காரர் ஜூடோ பயிலக்கூடாது. எனினும் அதன் முதற்பாடமான, உகெமி எனப்படும் விழும் பயிற்சியை எவரும் கற்றுவைத்திருப்பது நன்று; அது பின்னர் விளக்கப்படும். தை-சி என்னும் சீனக் கலையின் மெதுவான அசைவுகள் முதியவர்கள் தடுக்கி விழுவதைக் குறைப்பதாக ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் வகுத்த 24 அசைவுகள் கொண்ட சுருக்க வடிவமே உலகெங்கும் பரவலாகப் பயிலப்படுவது. கம்பளையில் அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிதென்றாலும், முழங்காலில் தேய்வு தொடங்கியவர் கண்டியிலோ பேராதனையிலோ தேடிப் பார்க்கலாம்.

அங்கம்பொர என்பது சிங்களவரின் மரபுப் போர்க்கலை. வெறுங்கைப் பிரிவு அங்கம் என்றும், ஆயுதப் பிரிவு இளங்கம் என்றும் அழைக்கப்படுகின்றன. 1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் பிரித்தானியர் இதைத் தடைசெய்ததாகவும், சில குடும்பங்கள் மறைவாகக் காத்துவந்ததாகவும் சொல்லப்படுகிறது. இன்று அது மீளெழுச்சி பெற்று வருகிறது. நரம்புப் புள்ளிகளைத் தாக்குவதும் மூட்டுகளைப் பூட்டுவதும் அதன் சிறப்புகள் என்பதால், நடுவயதுப் புதியவர் அதை முதற்கலையாகக் கொள்வதைவிட, வேறொன்றில் ஈராண்டு பயின்றபின் அணுகுவதே பொருத்தம். இவ்விடத்தில் ஒரு பரிந்துரை: கம்பளை அரசு நிலவிய 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னனின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் எம்பெக்கே தேவாலயத்தின் மேளமண்டபத் தூண்களில் மல்லர் இருவர் கட்டிப்பிடித்து நிற்கும் மரச்செதுக்கல் உள்ளது. கம்பளையிலிருந்து அரைநாளில் போய்வரக்கூடிய அவ்விடத்துக்குச் சென்று, அந்த மல்லர்களின் கைகளை விட்டுவிட்டுக் கால்களையும் இடுப்பையும் உற்றுப் பார்ப்பவருக்கு, மற்போரின் முதற்பாடம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

ஆசிரியர்

இலங்கையில் விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டுத்துறை அமைச்சில் பதிவு செய்யப்படுகின்றன. ஆசிரியர் அத்தகைய சங்கமொன்றைச் சார்ந்தவரா என்று கேட்பதில் தவறில்லை. அதைவிடப் பயன் தருவது, சேர்வதற்குமுன் ஒரு வகுப்பைச் சுவரோரம் அமர்ந்து முழுவதும் பார்ப்பதாகும். உடலைச் சூடேற்றும் தொடக்கப் பயிற்சிக்கு ஆசிரியர் கால் மணிநேரமாவது ஒதுக்குகிறாரா, களைத்தவர் ஒதுங்கி நிற்கும்போது ஏளனம் எழுகிறதா, மாணவர்கள் அடிபட்டுக் கட்டுப்போட்டுத் திரிவதை வீரமாகக் கொள்கிறார்களா, பட்டித் தேர்வுக்கான கட்டணப் பேச்சு எத்தனை முறை வருகிறது ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

மலைநாட்டில் இதற்கு மேலும் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. வயதில் இளையவரான ஆசிரியர் தம் நடுவயது மாணவரை 'ஐயா', 'அண்ணே', 'அக்கா' என்றுதான் அழைப்பார். அந்த மரியாதையினாலேயே அவருடைய பிழைகளைத் திருத்தக் கூசுவார். பிள்ளையொன்றின் முழங்காலைத் தட்டி 'உள்ளே மடங்குது, வெளியே தள்ளு' என்று சொல்பவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரின் முழங்கால் அதேபோல் உட்சாயும்போது பேசாமல் கடந்துவிடுவார். அந்த அதிபரின் முழங்கால் ஈராண்டில் கெட்டுப்போவதற்கு அந்தக் கூச்சமே காரணமாகலாம். ஆகவே மாணவரே முன்வந்து, தம்மைவிட இருபது வயது இளையவரானாலும் அவரை 'மாஸ்டர்' என்றோ 'வாத்தியார்' என்றோ எல்லோர் முன்னிலையிலும் அழைத்து, பிழையைத் தயங்காமல் சுட்டிக்காட்டும்படி வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவேண்டும். பெண்களுக்கு ஆண் ஆசிரியர் கற்பிக்கும் இடங்களில், கையால் தொட்டுத் திருத்துவது எவ்வளவு என்பதையும் முதல் நாளிலேயே பேசி முடிவுசெய்துகொள்வது இருவருக்கும் வசதி.

முதல் ஆறு மாதங்கள்

நல்ல சிலம்ப வாத்தியார் தொடக்கத்தில் கம்பைக் கையில் தரமாட்டார், காலடியைத்தான் பழக்குவார். காலடி என்பது அடியெடுத்து வைக்கும் முறையும் திசை மாறும் முறையும் அடங்கிய பாடம். நடுவயது மாணவர் இங்கே செய்யும் பொதுவான தவறு, முழுப்பாதத்தையும் நிலத்தில் ஊன்றியபடியே உடலைத் திருப்புவது. பாதம் அசையாமல் உடல் திரும்பும்போது அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் விழுகிறது. திரும்புவதற்குச் சற்று முன்பே குதிகாலை நிலத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, பெருவிரலின் அடிமேட்டில் சுழன்றபின் குதியைப் பதிப்பதே சரியான வரிசை. இந்த ஒரு பழக்கம் கைவரும்வரை வேகத்தைக் கூட்டக்கூடாது. சொரசொரப்பான சீமெந்துத் தரை பாதத்தைப் பற்றிக்கொள்ளும், ஈரச் சீமெந்து வழுக்கும். இறுகிய மண்முற்றமே காலடிக்கு ஏற்ற தரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கம்பளையை நனைத்துக்கொண்டிருக்கும்போது கூரையுள்ள மண்டபம் தேவைப்படும் என்பதால், பயிற்சியை ஜனவரி, பெப்ரவரியில் தொடங்கினால் அடிப்படைகளை மண்ணிலேயே பழகிவிடலாம்.

கம்பைப் பொறுத்தவரை, நிலத்தில் ஊன்றினால் மாணவரின் நெற்றியைத் தொடும் உயரம் வழக்கமான அளவு. பரம்பரைக்குப் பரம்பரை இது சற்று வேறுபடும். தொடக்கத்தில் மூங்கிலை விடுத்து எடைகுறைந்த பிரம்பைத் தேர்வதும், கணுக்களை மணற்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதும் மணிக்கட்டைக் காக்கும். மலைநாட்டு ஈரக்காற்றில் பிரம்பு பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் எண்ணெய் தடவி, சாய்த்து வைக்காமல் கிடைமட்டமாகத் தொங்கவிடவேண்டும். லயத்து முற்றத்தில் பயில்பவர் குறைந்தது நான்கு மீற்றர் விட்டமுள்ள வெளியைத் தேடிக்கொள்ளவேண்டும், தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். உடுப்புக் கொடியில் கம்பு சிக்குவது சிரிப்போடு போய்விடும், மின்கம்பி அப்படியல்ல.

எக்கலையைப் பயின்றாலும் விழும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மனிதர் தடுமாறும்போது இயல்பாகவே கையை நீட்டி ஊன்றுகிறார், அதனால் மணிக்கட்டு முறிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறையும் பெண்களுக்கு இது பெரிய ஆபத்து. பின்புறமாக விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காப்பதும், குந்தி உயரத்தைக் குறைத்துக்கொள்வதும், முதுகை வளைத்து உருள்வதும், கையை ஊன்றாமல் முன்கை முழுவதாலும் மெத்தையை அறைவதும் உகெமியின் சாரம். இதை முதலில் மெத்தைமேல் படுத்த நிலையிலும், பின்னர் அமர்ந்தும், குந்தியும் பழகவேண்டும். நின்று விழுவதற்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு வரலாம், எலும்புத் தேய்வு உறுதியானவர் அதற்கு வரவே வேண்டியதில்லை. தேயிலை மலையின் ஈரப்படிகளில் நாள்தோறும் இறங்குபவருக்கு இப்பயிற்சி தரும் பலன் எந்த உதையும் குத்தும் தருவதைவிட அதிகம்.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை நடுத்தர உழைப்பும், இருநாட்களாவது தசைப்பயிற்சியும் செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. ஒரு மணிநேர வகுப்புகள் இரண்டும், வீட்டில் கால்மணிநேரக் காலடி இரண்டும் சேர்ந்தால் கீழெல்லை எட்டிவிடும். கொழுந்து பறிக்கும், சுமை தூக்கும் தொழிலாளர்களின் கணக்கு வேறு: அவர்களது கால்கள் ஏற்கெனவே போதிய அளவு உழைத்துவிடுகின்றன. அவர்களுக்கு வேண்டியவை தோளையும் முதுகையும் நெகிழ்த்தும் அசைவுகளும், ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை வகுப்பும்தான். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகள் கடுப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலியும் வீக்கமும் இயல்பல்ல. முதல்வகையோடு மெதுவாகப் பயிலலாம், இரண்டாம் வகைக்கு வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவை நாடவேண்டும்.

பட்டியும் மோதலும்

இடுப்புப்பட்டியின் நிறம் தேர்ச்சியைக் காட்டும் முறை ஜூடோவில் பிறந்து கராத்தேக்குப் பரவியது. பிள்ளைகளுக்கு அது நல்ல ஊக்கி; நடுவயதுக்காரருக்கு அது தேர்வுத் தேதியைக் குறிவைத்து உடலை அவசரப்படுத்தும் தூண்டுகோலாகவும் மாறிவிடும். தேர்வுக்கு அமர்வதா இல்லையா என்பதை ஆசிரியரின் அட்டவணைக்கு விடாமல் மாணவரே முடிவுசெய்வது நலம். மோதற்பயிற்சிக்குச் செல்ல விரும்புபவர் அமெரிக்கச் சமையற்கலைஞர் அந்தோணி போர்டேனின் வழியைப் பின்பற்றலாம். ஐம்பதுகளின் பிற்பகுதியில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயிலத் தொடங்கிய அவர், 2016இல் 59 வயதில் நியூயோர்க் போட்டியொன்றில் தங்கப் பதக்கம் பெற்றார். மோதியதோ தம் வயதுப் பிரிவிலும் எடைப் பிரிவிலும் பட்டித் தரத்திலும் இருந்தவர்களோடு மட்டும். உள்ளூர் வகுப்பில் இருபது வயது இளைஞர் 'சும்மா ஒரு ரவுண்ட்' என்று அழைக்கும்போது மறுப்பதற்கு இதைவிட மரியாதையான காரணம் வேண்டியதில்லை.

தெருவில் தம்மைக் காத்துக்கொள்ளவே பயில வருபவரிடம் ஆசிரியர் உண்மையைச் சொல்லவேண்டும். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையை ஏற்கிறது. ஆயினும் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவை மீறிய தாக்குதலை அது காப்பதில்லை. கத்தியோடு வந்தவனிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு நகர்வதே எல்லாக் கலைகளிலும் தேர்ந்தவர்கள் தரும் அறிவுரை.

பயிற்சி இடையில் அறுபடுவது உறுதி. சித்திரைப் புத்தாண்டு, பிள்ளைகளின் பரீட்சைக் காலம், தோட்டத்தில் கொழுந்து மிகுந்த வாரங்கள், காய்ச்சல் என்று ஏதேனும் ஒன்று வரும். மூன்று வாரங்களுக்கு மேல் விட்டவர் திரும்பும்போது முன்னிருந்த அளவில் பாதியிலிருந்து தொடங்கவேண்டும். விட்ட வாரங்கள் எத்தனையோ அத்தனை வாரங்களில் பழைய அளவை எட்டினால் போதும். டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்தவர் மட்டும் இக்கணக்கைப் பாராமல், மருத்துவர் இரத்தச் சோதனையைப் பார்த்து அனுமதிக்கும்வரை கம்பைத் தொங்கிய இடத்திலேயே விட்டுவைக்கவேண்டும்.